திங்கட்கிழமைக் கொம்புகள்

பலெர்மோவுக்கு வந்து இறங்கிய அன்று நிசாந்தி கணவனிடம் முதலில் கேட்டது, அலுமாரிக்கு மேலே கிடக்கிற எலும்புகள் என்ன என்றுதான்.

கஜானன் அவளுடைய சூட்கேசைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். "எலும்பில்லை. மான்கொம்பு."

"சுட்டதோ?"

"சீச்சீ. தானா விழுந்தது. வருசா வருசம் சித்திரை வைகாசியிலை விழும். நான் பொறுக்கிக்கொண்டு வாறன்."

மானுக்குக் கொம்பு விழுந்து முளைக்கும் என்பது விசுவமடுவில் வளர்ந்தவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இவை அவள் கண்ட மான்கொம்பு மாதிரி இல்லை. நுனி பரந்து தட்டையாக, ஓரத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. விரித்த கைகளை அடுக்கி வைத்தது போல.

"தரையிலை கிடந்ததையோ எடுத்தனீங்கள்?" என்று மறுபடி கேட்டாள்.

"ஓம். வேறை எங்கை கிடக்கும்?"

"படுக்கிற அறையிலை வேண்டாமே."

அவன் கதிரை போட்டு ஏறி ஒவ்வொன்றாக இறக்கி, பல்கனியில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினான். அழுக்கு என்று நினைக்கிறாளாக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

அவர்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். சேர்ந்திருந்தது இரண்டு கிழமை. கஜானன் கரவெட்டிக்காரன், சண்டை முடிய வெகுகாலத்துக்கு முன்பே இத்தாலிக்கு வந்துவிட்டவன். 2012இல் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பி, அவளைக் கூப்பிடுவதற்கான பெர்மெசோ என்ற அனுமதிக்காக ஓடித் திரிந்து, 2014 தையில்தான் அவளைத் தன்னிடம் எடுக்க முடிந்தது. அவள் வன்னியில் கடைசிவரை இருந்தவள், முகாமில் இருந்தவள், தம்பிக்காரனுக்கு ஒரு கண் இல்லை என்பதெல்லாம் கலியாணப் பேச்சுக்கால் நேரமே அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு நோகும் என்று நினைத்தான். அவளோ, அவருக்குக் கேட்க விருப்பமில்லை என்று நினைத்தாள்.

அவர்கள் இருந்தது பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். மாரியில் சுவரெல்லாம் ஈரம் ஊறும் பழைய வீடு. ஆனால் அந்த இடம் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முழுக்கக் கல் பதித்திருந்தது. சந்தைக்குப் போகிற வழியும் கல், தேவாலய முற்றமும் கல். மீன்காரன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அந்தக் கல் கண்ணாடி மாதிரி மின்னும். முதல் நாலு மாதத்தில் அவள் ஒரு பிடி மண்ணில்கூடக் கால் வைக்கவில்லை. அப்படி இருந்ததே அவளுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது.

கஜானன் காலையில் சிஞ்ஞோரா அகாத்தா என்ற இத்தாலியப் பெண்மணியின் வீட்டைத் துப்புரவாக்குவான். பின்னேரம் ஒரு பீற்சாக் கடைக் குசினியில் நிற்பான். திங்கட்கிழமை இரண்டும் இல்லை. சித்திரை பிறந்ததும் திங்கட்கிழமைகளில் வெள்ளென எழும்பித் தன்னுடைய பழைய ஃபியற் பாண்டாவில் புறப்பட்டுவிடுவான். கஸ்தெல்புவோனோப் பக்கத்து மலையில் சிஞ்ஞோராவுக்கு ஒரு தோட்டமும் அதை ஒட்டி ஒரு காடும் இருந்தன. முன்பொரு ஈஸ்டருக்கு அந்த வீட்டைக் கழுவப் போனபோது, குப்பை கொட்டப் போன இடத்தில் முதல் கொம்பைக் கண்டெடுத்தான். "எல்லாத்தையும் கொண்டு போ, இந்த மான்கள் என் கன்றுகளை எல்லாம் தின்று முடிக்கின்றன," என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். அன்று பிடித்த பைத்தியம்.

"என்னத்துக்கு இது?" என்று ஒருநாள் நிசாந்தி கேட்டாள்.

அவன் யோசித்தான். அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. "மற்ற நாளெல்லாம் ஆரோ சொன்ன இடத்திலை நிண்டு வேலை செய்யிறன். திங்கட்கிழமை கால் போற பக்கம் போறன். ஒண்டும் கிடைக்காட்டிலும் பரவாயில்லை. கிடைச்சால்... அண்டு முழுக்க ஒரு சந்தோசம். நீரும் வாருமன்."

தனியே வீட்டில் இருப்பதற்கு இது பரவாயில்லை என்று அவளும் போனாள்.

இடது கைப்பக்கம் கடலாகவே போன பாதை, பிறகு மலைக்குத் திரும்பி ஏறியது. தோட்ட வீட்டு முற்றம் சீமெந்து போட்டிருந்தது. அவள் அதில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டாள். "சப்பாத்து ஊத்தையாயிடும், நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள்.

அவன் போனான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழி என்று ஒன்றும் இல்லாத இடத்தால் அவன் நடந்தான். சருகைக் காலால் கிண்டினான். பற்றைக்குள் கையை விட்டான். குனிந்து எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தான். ஒவ்வொரு முறை அவன் குனியும்போதும் அவள் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். மரங்களுக்குள் அவன் மறைந்த பிறகு காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

மத்தியானம் அவன் சிரித்த முகத்தோடு ஒரு கொம்பைக் கொண்டுவந்து நீட்டினான். "பிடிச்சுப் பாரும், என்ன பாரம் எண்டு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கீழை வையுங்கோ."

திரும்பி வரும்போது, "உமக்குப் பிடிக்கேல்லைப் போலை," என்றான்.

"இடம் வடிவாய்த்தான் இருக்கு," என்றாள். அதுவும் உண்மைதான்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி போனார்கள். இந்த முறை அவன் வற்புறுத்தினான். "அந்தப் பாறை மட்டும் வாரும். அதிலை நிண்டால் கடல் தெரியும். ஒத்தையடிப் பாதை இருக்கு."

நாலு மாதமாக அவளிடம் அவன் எதையும் வற்புறுத்திக் கேட்டதில்லை. மறுக்க முடியாமல் இறங்கினாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. அவனுடைய சப்பாத்துத் தடம் ஈர மண்ணில் தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் ஒவ்வொரு தடத்துக்குள்ளும் தன் காலை வைத்து வைத்து நடந்தாள். தடம் இல்லாத இடத்தில் கல்லில் மிதித்தாள். அவன் திரும்பிப் பார்த்து, "என்ன, சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி?" என்று சிரித்தான்.

பாதி வழியில் அவன் ஒத்தையடிப் பாதையை விட்டு விலகினான். ஓக் மரத்தடிப் பக்கம் மான் படுத்த இடம் போல எதையோ கண்டிருந்தான். அவளுக்குத் தனியே நிற்கவும் முடியவில்லை. பின்னால் போனாள். அப்போதுதான் அதைக் கண்டாள். அவன் கால் வைக்கப் போகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சருகுக்கு வெளியே மூன்று நாலு விரல்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.

"அசையாதைங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் எழும்பிப் பறந்தன. கஜானன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான். பிறகு மெதுவாக அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட! நான் காணேல்லை! இந்த வருசத்திலையே பெரிசு..." என்று சொல்லிக்கொண்டு திரும்பியவன், அவளைக் கண்டதும் நிறுத்தினான்.

அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு காலையும் ஒரே தடத்துக்குள் நெருக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"நிசாந்தி, இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை," என்றான் மெல்ல.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் கால் வருகுதில்லை."

அவளே சொன்னாள். அங்கேயே நின்றபடி, அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"முகாமிலை இருந்து எங்களை வீட்டுக்குப் போக விட்டவை. கிணத்தடி முழுக்கப் புல்லு. நான் தண்ணி அள்ளிக்கொண்டு நிக்கிறன். தம்பி புல்லு வெட்டுறான். சின்னத் தகரப் பேணி மாதிரி ஒண்டு கிடக்கக்கா எண்டான். எறிஞ்சு விடுவம் எண்டுதான் எடுத்தவன், வெடிச்சிட்டுது." தன் கைவிரல்களை மடக்கினாள். "அவனுக்குக் கண் போனது மட்டுமில்லை. வலக்கையிலை மூண்டு விரலும் இல்லை. அண்டைக்கு நான்தான் அதுகளைத் தேடினனான். ஆசுபத்திரியிலை பொருத்தலாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். புல்லுக்குள்ளை கையாலை தடவித் தேடினனான்."

கிட்டப் போய் அவளைப் பிடிக்க வேண்டும் போலக் கஜானனுக்கு இருந்தது. ஆனால் ஒரு அடி எடுத்தால் அவள் மறுபடி கத்துவாள் என்றும் தெரிந்தது. "இப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டான். "நீர் சொல்லும். அப்பிடியே செய்யிறன்."

"வந்த அடியிலையே திரும்பி வாங்கோ. வேறை இடத்திலை வையாதைங்கோ."

அவன் சிரிக்கவில்லை. தன்னுடைய தடத்தைக் குனிந்து தேடி, ஒவ்வொன்றாகக் காலை வைத்து வந்தான். தடம் கலைந்திருந்த ஓரிடத்தில் நின்று, "இஞ்சையோ, அதிலையோ?" என்று கேட்டான். அவள் கையால் காட்டினாள். அவளிடம் வந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அப்படியே ஒருவர் பின் ஒருவராக முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொம்பு அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு அவன் மலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமைகளில் அவளைக் கடற்கரை நடைபாதைக்குக் கூட்டிப் போனான். மொந்தெல்லோவுக்குக் கூட்டிப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தான். அவள் இத்தாலி மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். சிஞ்ஞோராவின் தங்கை வீட்டில் அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஆனால் அடுத்த வருடம் சித்திரை வந்தபோது, கஜானன் பல்கனிக் கதவடியில் நின்று மலைப் பக்கம் பார்ப்பதை அவள் கண்டாள். "போகேல்லையோ?" என்று கேட்டாள். "அலுப்பாக் கிடக்கு," என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ஜசிந்தனோடு வைபர் வீடியோவில் கதைத்தாள். இப்போது அவன் விசுவமடுச் சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். இடக்கையாலேயே எல்லா வேலையும் செய்யப் பழகிவிட்டான். அவள் முந்தின வருடம் காட்டில் நடந்ததை முதல்முறையாக அவனுக்குச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான் கொக்கு மாதிரி ஒத்தைக் காலிலை நிண்டவரோ?"

"சிரிக்காதை. நான் செத்துப் பிழைச்சனான்."

"அக்கா, நான் இப்ப கிணத்தடியைச் சுத்திக் கத்தரி வைச்சிருக்கிறன். அம்மா சொல்லேல்லையோ?"

அம்மா சொல்லவில்லை. நிசாந்தி போனைக் கிட்டப் பிடித்தாள். "உனக்குப் பயமில்லையோடா?"

"இருந்தது. மிதிவெடி எடுக்கிறவை வந்து நூல் கட்டி, ஒரு ஒரு மீற்றராத்தானே பாத்தவை. எல்லாம் பொம்பிளையள். முடிச்சிட்டுப் போகேக்கை, தாங்கள் பாத்த இடத்திலை தாங்களே கை கோத்து நடந்து காட்டிப்போட்டுத்தான் போனவை. அதுக்குப் பிறகும் நான் கனநாள் போகேல்லை. பிறகு அம்மாவுக்கு இடுப்பு, நாரியெல்லாம் நோ. தண்ணி அள்ள ஆர் இருக்கினம்? போனன்." போனை மற்றப் பக்கம் திருப்பிக் கத்தரிச் செடிகளைக் காட்டினான். ஊதாப் பூ பூத்திருந்தது. அதற்குள் அவனுடைய வெறுங்கால் தெரிந்தது. "அந்தக் கொம்பு இன்னும் கிடக்கோ? எனக்கொண்டு அனுப்பு, கடைச் சுவரிலை கொழுவ."

போனை வைத்த பிறகு அவள் பல்கனிக்குப் போய், கொம்புகளை மூடியிருந்த விரிப்பைப் பார்த்தாள். அடிபட்டவன் அந்த இடத்திலேயே கத்தரி நட்டிருக்கிறான். நான் பல்லாரோக் கல்லை விட்டு இறங்க மாட்டேன் என்கிறேன். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தம்பி மேல் கோபமாகவும் இருந்தது.

பின்னேரம் கஜானன் வேலைக்கு வெளிக்கிடும்போது, "நாளைக்கு மலைக்குப் போவம். நானும் வாறன். ஆனால் நான் சொல்லுற மாதிரித்தான் போக வேணும்," என்றாள்.

மறுநாள் அவள் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் தடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். ஒழுங்கைக் கடையில் இரண்டு உருண்டைக் கயிறும் வாங்கினாள். தோட்ட வீட்டு முற்றத்தின் விளிம்பில் கயிறு கட்ட முதல் குச்சியை அடித்தார்கள். இரண்டு கயிறு, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம். அவள் முன்னால் குந்தியிருந்து, கண்ணுக்கு எட்டின அளவு சருகைப் பார்த்து, தடியால் மெல்ல விலக்கி, பிறகு ஒரு அடி வைத்தாள். கஜானன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவளுக்கு முன்னால் அவன் போகக் கூடாது. கயிற்றுக்கு வெளியே காலை வைக்கக் கூடாது. அவன் வைக்கவில்லை. இந்தக் காட்டில் ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

அன்று தோட்டத்துக்கு வந்திருந்த சிஞ்ஞோரா அகாத்தா முற்றத்தில் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "என்ன கன்று நடப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"துப்புரவாக்குகிறோம், சிஞ்ஞோரா," என்றான் கஜானன்.

சிஞ்ஞோரா கயிற்றைப் பார்த்தார், குந்தியிருந்தவளின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்து, முற்றத்து விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

காலை முழுக்கப் போய் முதல் ஓக் மரத்தைத் தொட்டார்கள். அதன் வேரடியில், சருகுக்குக் கீழே, தடியின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. விலக்கினால் கொம்பு. சின்னது, பழையது, சாம்பல் நிறம். ஓரமெல்லாம் முள்ளம்பன்றி கொறித்திருந்தது. கஜானன் வருடக்கணக்காக அந்த மரத்தைக் கடந்து போயிருக்கிறான், கண்டதில்லை.

"எடுக்கட்டோ?" என்றான்.

"இல்லை. நான்."

கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. மறுபடி நீட்டினாள். விரல் மடங்கிக்கொண்டு திரும்பி வந்தது. "ஏலாது. வாங்கோ போவம்," என்று எழும்பிவிட்டாள்.

"கயிறு கிடக்கட்டும்," என்றான் அவன். "அடுத்த கிழமையும் திங்கட்கிழமை வரும்தானே."

அடுத்த திங்கள் கயிற்று வழியால் அவள் நின்று நின்று பார்க்காமல் நேரே மரத்தடிக்கு நடந்தாள். முன்பு பார்த்த இடந்தானே. குந்தியிருந்தாள். தடியால் கொம்பை ஒருமுறை புரட்டினாள். பிறகு, தண்ணீர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல ஒரு விரலை வைத்தாள். குளிர்ந்துபோய்க் கிடந்தது. தூக்கினாள். நினைத்ததைவிடப் பாரமில்லை. தலையில் இருந்து கழன்ற அடிப்பக்கம் மட்டும் வட்டமாக, முள்ளு முள்ளாக, கையில் உறுத்தியது.

"விழேக்கை நொந்திருக்குமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. கிளையிலை தலையைத் தேய்ச்சு விழுத்துமாம்."

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கஜானன் பக்கத்தில் குந்தியிருந்தான். கயிற்றுக்குள் இருவருக்கும் இடம் போதாமல் முழங்கால் முட்டியது.

அந்த வருடம் கயிறு மெல்ல மெல்லக் காட்டுக்குள் நீண்டது. கடல் தெரிகிற பாறை வரை போயிற்று. அதற்கடுத்த சித்திரையில் கயிறு கொண்டுபோகவில்லை, தடி மட்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒருநாள் அடிவாரத்து ஊரில் ஏதோ திருநாளுக்குப் பட்டப்பகலில் வெடி கொளுத்தினார்கள். அவள் தடியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்தவள், பிறகு காரைவிட்டு இறங்கவில்லை. கஜானன் தேடப் போகாமல் அவளோடு காருக்குள் இருந்து கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டான். சில நாட்களில் வெளிக்கிட்டு வாசல்வரை வந்து, "இண்டைக்கு ஏலாது," என்று சப்பாத்தைக் கழற்றிவிடுவாள். அவனும் கழற்றிவிடுவான்.

ஆனால் போகிற நாட்களில் அவள்தான் கூடக் கண்டெடுத்தாள். அவனுக்குப் பொறுமை இல்லை. காடு முழுவதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். அவள் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் நிற்பாள். சிறுசுகளை எடுத்து, பார்த்து, அங்கேயே வைத்துவிடுவாள். பிடித்ததை மட்டும் கொண்டு வருவாள். தம்பி கேட்டதற்கு ஒன்றை எடுத்துச் சேலையில் சுற்றி வைத்தாள். ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டு இராயப்பு அண்ணரிடம் கொண்டுபோகக் கேட்டபோது, எயார்போட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது என்று அவர் தயங்கினார். அது இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது.

2016 வைகாசிக் கடைசியில் ஒருநாள் பாறைக்கு அங்காலே ஒரு பெரிய இடக்கொம்பு அவளுக்குக் கிடைத்தது. ஒரு கிழமைக்குள் விழுந்ததாக இருக்க வேண்டும். அடியில் இரத்தக்கறை இன்னும் மங்கிச் சிவப்பாக இருந்தது. அதை அவள் துடைத்துக்கொண்டிருக்கையில் கஜானன் அவளுடைய கையைத் தொட்டான்.

பற்றைகளுக்கு நடுவே ஒரு ஆண் மான் நின்றது. இத்தனை நாளும் கொம்பைத்தான் கண்டிருக்கிறாள்; உயிருள்ள மானை இப்போதுதான் காண்கிறாள். நினைத்ததைவிடச் சிறியது. முதுகில் வெள்ளைப் புள்ளி. தலையில் ஒரு பக்கம் கொம்பு அப்படியே இருந்தது. மற்றப் பக்கம் வெறுமையாக, ஒரு புண் ஆறின மாதிரி. அதனால் தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு நின்றது. அவர்களைப் பார்த்தது. காதை ஒருமுறை அசைத்தது. பிறகு அவசரமில்லாமல் திரும்பிச் சரிவால் இறங்கிப் போனது.

"பாவம், ஒருபக்கப் பாரத்தோடை திரியுது," என்றாள் நிசாந்தி.

"இண்டைக்கோ நாளைக்கோ மற்றதும் விழுந்திடும்."

"எங்கை விழும்?"

"அந்தப் பக்கந்தான் எங்கையாவது. ஆனால் அதிலை சரியான சரிவு. பாதை ஒண்டும் இல்லை."

அவள் கையிலிருந்த கொம்பை அவனிடம் கொடுத்துவிட்டுத் தடியை எடுத்தாள். மான் போன வழியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மெல்ல மெல்லப் போய்ப் பாப்பம்," என்றாள். "நேரம் கிடக்குத்தானே."